ஐந்து சிலிண்டரும் ஒரு சிலிண்டரும்

கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்து வீட்டுத்திட்டம் ஒன்றில் குடியிருக்கும் ஒரு விவசாயக் குடும்பத்தைப் பார்க்க அண்மையில் நாம் சென்றிருந்தோம். குடும்பத் தலைவர், 1990 ஆம் ஆண்டின் வன்செயல்களின்போது தம் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வயற்புறக் கிராமத்தை விட்டு வெளியேறியவர். அப்போது அவர் சிறுவன். கடலோரத்தில் தேடிக்கொண்ட சிறிய வீட்டையும் 2004 டிசம்பர் 26 இல் சுனாமி கொண்டுபோய்விட்டது. முப்பது வருடங்களுக்கு மேலாகக் குத்தகை வயலிலும் கூலி வேலையிலும் காலம் தள்ளியவருக்கு, வாப்பாவின் நான்கு ஏக்கர் காணியில் வரும் மாரியில் மீண்டும் விதைக்க இப்போது வழி பிறந்திருக்கிறது.

அந்த வீட்டில் அன்று எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. முதலாவது வாப்பாவின் கேள்வி: “கடன் எடுத்து ஒரு லேன்ட்மாஸ்டர் வாங்கலாமா?” பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி ஒன்றும் பேசவில்லை. கடனுக்கு ஈடாகப் போகவிருப்பது மூத்த மகளுக்கென்று எடுத்து வைத்திருக்கும் நகை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டாவது கேள்வி பதினாறு வயது மகனுடையது. பாடசாலைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவன் ஒரு படம் வரைந்திருந்தான். நடுவில் ஒரு வட்டம். அதைச் சுற்றி ஐந்து சிலிண்டர்கள். முன்னால் ஒரு விசிறி. விளையாட்டு விமானத்துக்கான சிறிய எஞ்சின். “சேர், இத வீட்டுல செய்ய ஏலுமா?” என்று கேட்டான். “இவனுக்கு வேற வேலையில்ல” என்றார் வாப்பா.

அன்று நாம் இரண்டுக்கும் சரியான பதில் சொல்லாமலே திரும்பினோம். பிறகு தேடிப் படித்தபோது, இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் போய்ச் சந்திப்பதைக் கண்டோம். நம் வாசகர்களில் பலர் அந்த வாப்பாவின் நிலையிலேயே இருப்பவர்கள். ஆகவே அந்தக் குடும்பத்துக்குச் சொன்னதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

நமக்குத் தெரிந்த எஞ்சின்

முதலில் வயலில் நிற்கும் எஞ்சினைப் பார்ப்போம். கை உழவு இயந்திரத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே சிலிண்டர் கொண்ட டீசல் எஞ்சின். அதன் பிஸ்டன் நான்கு வேலைகளைச் செய்கிறது: காற்றை உள்ளே இழுக்கிறது, அதை இறுக்கி அமுக்குகிறது, அமுக்கத்தால் சூடேறிய காற்றில் டீசல் சீறிப் பாய்ந்து எரியும்போது பலமாகத் தள்ளப்படுகிறது, கடைசியில் புகையை வெளியே தள்ளுகிறது. இந்த நான்கும் முடிவதற்குள் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றிவிடும்.

நான்கு வேலையில் ஒன்றுதான் பலம் தருவது; மற்ற மூன்றும் பலத்தைத் தின்பவை. அந்த மூன்று நேரத்திலும் எஞ்சினை நிற்கவிடாமல் இழுத்துச் செல்வது பக்கத்தில் சுழலும் கனமான இரும்புச் சக்கரம். எஞ்சின் ‘டக் டக்’ என்று விட்டு விட்டு அடிப்பதும், கைபிடி நடுங்குவதும், இவ்வளவு பாரமாக இருப்பதும் இதனால்தான். வயலில் இந்தப் பாரம் குற்றமில்லை. சக்கரம் சேற்றைப் பிடித்து இழுக்க அது உதவியே செய்கிறது.

ஆனால் வானத்தில் ஏற வேண்டிய எஞ்சினுக்கு ஒவ்வொரு இறாத்தலும் கணக்கு. அங்கே பாரமான சக்கரத்தை வைக்க முடியாது. அதற்குப் பதிலாகச் சிலிண்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். ஒன்று ஓய்ந்திருக்கும்போது இன்னொன்று தள்ளும்.

ஆரக்கால் போல ஐந்து சிலிண்டர்

சிறுவன் வரைந்த படத்தில் இருப்பதை ரேடியல் எஞ்சின் என்பார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்தின் குடத்தைச் சுற்றி ஆரக்கால்கள் நிற்பது போல, நடுப்பெட்டியைச் சுற்றிச் சிலிண்டர்கள் நிற்கும். எல்லாச் சிலிண்டரும் முன்னால் வரும் காற்றில் படுவதால், குளிரச் செய்யத் தண்ணீர் வேண்டியதில்லை.

இந்த எஞ்சின் எங்கள் கரைக்குப் புதியதல்ல. 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி திருகோணமலையில் குண்டு போட்ட ஜப்பானிய விமானங்களிலும், அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்ற பிரித்தானியக் கப்பலைக் கடலில் தாழ்த்திய விமானங்களிலும் பூட்டியிருந்தவை ரேடியல் எஞ்சின்களே. அதற்கு ஐந்து நாட்களுக்கு முன், ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கொக்கலையிலிருந்து பறந்துபோய்க் கண்டு அறிவித்த கட்டலீனா விமானத்திலும் பதினான்கு சிலிண்டர் கொண்ட இரண்டு ரேடியல் எஞ்சின்கள் இருந்தன.

ஒரே வரிசையாக அமைந்த நான்கு அடி ரேடியல் எஞ்சினில் சிலிண்டர்கள் 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையாகவே இருக்கும். காரணத்தை ஒரு விளையாட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஐந்து பிள்ளைகளை வட்டமாக இருத்தி, ஒருவரை விட்டு ஒருவருக்குப் பந்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். பந்து 1, 3, 5, 2, 4 என்று போய், இரண்டு சுற்றில் எல்லோர் கைக்கும் ஒருமுறை வந்துவிடும். ஆறு பிள்ளைகளை இருத்தினால் 1, 3, 5 மட்டுமே திரும்பத் திரும்பப் பந்தை வாங்குவார்கள். மற்ற மூவருக்கும் அது கிடைக்கவே மாட்டாது. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிய வேண்டியிருப்பதால், சீரான இடைவெளிக்கு ஒற்றைப்படை தேவைப்படுகிறது.

வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்னும் பல நாடுகளிலும் வீட்டுக் கொட்டிலில் ஒரு சிறிய லேத் மெசினை வைத்துக்கொண்டு இத்தகைய எஞ்சின்களைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ‘மொடல் இன்ஜினியர்’ என்ற ஆங்கிலச் சஞ்சிகை 1898 இல் தொடங்கியது இவர்களைப் போன்றவர்களுக்காகவே. ஆனால் ஓய்வு நேரத்தில் மட்டும் வேலை செய்பவருக்கு ஓர் எஞ்சின் முடிய வருடக்கணக்கில் ஆகலாம்.

வேலை எப்படிப் போகும்? அலுமினியக் கட்டியைக் கடைந்து நடுப்பெட்டியைச் செய்வார்கள். அதன் ஐந்து முகங்களும் ஒரே கோண இடைவெளியில் அமைய வேண்டும். பிறகு இரும்பில் ஐந்து சிலிண்டர்கள், ஐந்து தலைகள், ஐந்து பிஸ்டன்கள், பத்து வால்வுகள், வால்வைத் தள்ளும் பத்துக் கம்பிகள். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடும் இடைவெளி தலைமயிரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவே. மருதமுனைத் தறிகாரருக்கு இது விளங்கும். ஓர் இழை பிசகினால் சேலை முழுவதும் காட்டிக்கொடுத்துவிடும்.

கடினமான இடங்கள் இரண்டு. ஐந்து பிஸ்டன்களும் கிராங்கின் ஒரே முனையில் வந்து சேர வேண்டும். அதற்காக ஒரு பிஸ்டனின் தண்டைத் தலைமைத் தண்டாக வைத்து, மற்ற நான்கையும் அதன் காலில் சிறு ஊசிகளால் கோத்துவிடுவார்கள். அடுத்தது வால்வுகளைத் திறக்கும் வளையம். ஐந்து சிலிண்டருக்கு இரண்டு மேடுகள் கொண்ட ஒரே வளையம் போதும். கிராங்க் நான்கு சுற்றுச் சுற்ற, அது எதிர்ப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றும். இதைப் பல்சக்கரங்களால் சரியாகப் பொருத்தாவிட்டால் எஞ்சின் ஒருபோதும் எழும்பாது.

கீழ்ப்பக்கம் பார்த்து நிற்கும் சிலிண்டர்களில் ஒயில் இறங்கித் தங்கும் தொல்லையும் உண்டு. அதைக் கவனியாமல் ஓட்டினால் அமுங்காத ஒயிலில் பிஸ்டன் முட்டித் தண்டு வளைந்துவிடும். பெரிய ரேடியல் விமானங்களின் விசிறியைப் புறப்படுமுன் சுற்றிப் பார்ப்பது இதற்காகவே.

அனுபவமுள்ளவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் ஆலோசனை ஒன்றுதான்: முதலில் ஒரு சிலிண்டர் எஞ்சினைச் செய்து ஓட்டுங்கள். ஒன்றைச் சரியாகச் செய்யத் தெரிந்தவரே ஐந்தை ஒரே அளவாகச் செய்வார்.

1903 ஆம் ஆண்டின் இரண்டு எஞ்சின்கள்

சிறுவன் கேட்ட எஞ்சினுக்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் சாமுவேல் லாங்லி என்ற பெரிய விஞ்ஞானி பறக்கும் இயந்திரம் செய்ய முயன்றார். முழு அளவில் செய்யுமுன் நாலில் ஒரு பங்கு அளவில், சிறகு பன்னிரண்டு அடி அகலமான ஒரு மாதிரி விமானத்தைச் செய்தார். அதற்குப் பூட்டியது ஐந்து சிலிண்டர் கொண்ட சிறிய பெற்றோல் ரேடியல் எஞ்சின். ஆள் இல்லாத அந்த மாதிரி விமானம் 1901 இல் சிறிது தூரம் பறந்தது. பெற்றோல் எஞ்சினால் முதன்முதலில் பறந்த மாதிரி விமானம் அதுவே.

பிறகு முழு அளவு விமானத்துக்காக அவருடைய உதவியாளர் சார்ல்ஸ் மான்லி ஐந்து சிலிண்டர் ரேடியல் எஞ்சின் ஒன்றை ஆக்கினார். 52 குதிரைவலு. அந்தக் காலத்தில் அவ்வளவு குறைந்த பாரத்தில் அவ்வளவு பலம் தரும் எஞ்சின் வேறெங்கும் இருக்கவில்லை. அமெரிக்க யுத்தத் திணைக்களம் லாங்லியின் வேலைக்கு 50,000 டொலர் கொடுத்திருந்தது.

அதே நேரத்தில் டேட்டன் என்ற ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் வேறு வழியில் போனார்கள். முதலில் கணக்குப் பார்த்தார்கள். சிறகு எவ்வளவு தூக்கும், விசிறி எவ்வளவு தள்ளும் என்று அளந்து, 8 குதிரைவலு இருந்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். அப்படியொரு பாரம் குறைந்த எஞ்சினைச் செய்துதர எந்தக் கம்பனியும் முன்வராதபோது, கடையில் வேலை செய்த சார்ளி டெய்லர் ஒரு லேத்தையும் ஒரு துளைபோடும் மெசினையும் வைத்துக்கொண்டு ஆறு கிழமையில் அதைச் செய்து முடித்தார். படம் என்று இருந்தது கடதாசித் துண்டில் கீறிய கோடுகள்தான். கிராங்கை ஒரு தடித்த உருக்குப் பலகையில் சுற்றிவரத் துளையிட்டு, உளியால் வெட்டி எடுத்து, பிறகு கடைந்தார். பெட்டியை அலுமினியத்தில் ஊர் வார்ப்புப் பட்டறையில் வார்ப்பித்தார்கள். சோதனை ஓட்டத்தின்போது அந்தப் பெட்டி உடைந்து போயிற்று, மறுபடி வார்த்தார்கள். முடிவில் அந்த நான்கு சிலிண்டர் எஞ்சின் தந்தது 12 குதிரைவலு மட்டுமே. நம் வயலில் ஓடும் கை உழவு இயந்திரத்தின் பலமும் ஏறத்தாழ அவ்வளவுதான்!

லாங்லியின் பெரிய விமானம் 1903 ஒக்டோபர் 7 இலும் டிசம்பர் 8 இலும் இரண்டு தடவையும் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. எஞ்சினில் குற்றமில்லை, அதைத் தாங்கிய உடலும் சிறகும் ஏவிய முறையும்தான் சரியில்லை. ஒன்பது நாட்கள் கழித்து, டிசம்பர் 17 இல், சைக்கிள் கடையின் 12 குதிரைவலு எஞ்சின் மனிதனை ஏற்றிக்கொண்டு பறந்தது. முதற்பறப்பு 12 செக்கன். அன்றைய கடைசிப் பறப்பு 59 செக்கன். தங்களுக்கு ஆன செலவு ஆயிரம் டொலருக்கும் குறைவு என்று சகோதரர்கள் சொன்னார்கள்.

லேன்ட்மாஸ்டரை ஆக்கியவர்

இனி வாப்பாவின் கேள்விக்கு வருவோம். ‘லேன்ட்மாஸ்டர்’ என்று நாம் சொல்வது உண்மையில் ஓர் இங்கிலாந்துக் கம்பனியின் பெயர். எந்த நாட்டுக் கை உழவு இயந்திரம் வந்தாலும் நம் வயலில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நொட்டிங்ஹாமில் இருந்த அந்தக் கம்பனி 1950களில் செய்து உலகெங்கும் விற்ற இரு சக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர் ஓர் இலங்கையர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் ரே விஜேவர்தன. 1924 இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், விவசாயி, விமானி. 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் இலங்கைக்காகக் கலந்துகொண்டவர். சிறிய விமானங்களைத் தாமே வடிவமைத்து, தாமே கட்டி, தாமே ஓட்டினார். 2002 முதல் 2007 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராகவும் இருந்தார். 2010 ஓகஸ்ட் 18 இல் காலமானார்.

அவருடைய உழவு இயந்திரம் நன்றாக விற்பனையான காலத்தில், அமெரிக்காவில் அவர் அதைப்பற்றி உரையாற்றியபோது ஒருவர் எழுந்து கேட்டார்: நீங்கள் விவசாயத்தை இயந்திரமயமாக்கினீர்களா, அல்லது எருமையை மட்டும் இயந்திரமாக்கினீர்களா? அந்தக் கேள்வி தம்மை விட்டுப் போகவில்லை என்று விஜேவர்தன பிற்காலத்தில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

ஏனென்றால் எருமை உழுவது மட்டுமல்ல. அது கன்று போடும், பால் தரும், தயிர் தரும், வயலுக்கு எரு தரும். வரம்பில் முளைத்த புல்லே அதற்குச் சாப்பாடு. இயந்திரம் உழவை மட்டும் செய்கிறது. அதற்கு வேண்டிய எண்ணெயும் உதிரிப்பாகமும் வெளியிலிருந்து காசுக்கு வர வேண்டும். “மெசினுக்குப் புல்லுப் போட ஏலாது” என்று அந்த வாப்பாவே எங்களிடம் சொன்னார்.

விஜேவர்தன தம் இயந்திரத்தை வெறுத்து ஒதுக்கவில்லை. ஆனால் உழவு எதற்கு என்று முதலிலிருந்து யோசித்தார். பெரும்பங்கு களையை அடக்கவே உழுகிறோம் என்று கண்டார். பிறகு நைஜீரியாவின் இபாதானில் உள்ள சர்வதேச வெப்பவலய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது, மண்ணைப் புரட்டாமல் மூடாக்கின் ஊடாக விதையை ஊன்றும், கையால் தள்ளும் சிறிய கருவிகளை உருவாக்குவதில் ஈடுபட்டார். இலங்கையில் மரவரிசைகளுக்கிடையே பயிர் செய்வதையும், கிளிரிசீடியா என்ற சீமைக்கிளுவையின் இலையைப் பசளையாகவும் தடியை எரிபொருளாகவும் பாவிப்பதையும் பரப்பினார். தண்ணீர் கட்டிச் செய்யும் நெல்வயலுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. மேட்டு நிலத்தில் சோளம், கச்சான், கௌபி செய்பவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

கடன் எடுக்குமுன்

ரைட் சகோதரர்கள் எஞ்சினைத் தேடுமுன் வேலையை அளந்தார்கள். நாமும் கடனைத் தேடுமுன் வயலை அளப்போம். அந்த வீட்டில் நாம் ஒரு கொப்பித் தாளில் இரண்டு பத்திகளாகக் கணக்கு எழுதினோம். ஒரு பக்கம்: இரண்டு போகத்துக்கும் நான்கு ஏக்கரையும் கூலிக்கு உழுவித்தால் என்ன செலவு, விளைந்ததை ஏற்றி இறக்க என்ன செலவு. மறுபக்கம்: ஒரு வருடத் தவணைப் பணமும் வட்டியும், டீசல், ஒயில், திருத்த வேலை. தண்ணீர் கிடைக்காத ஒரு சிறுபோகத்திலும் தவணை வரும் என்பதையும் சேர்த்தோம். சொந்த நான்கு ஏக்கருக்கு மட்டும் என்றால் இரண்டாவது பத்தியே பாரமாக இருந்தது. பக்கத்துக் காணிக்காரர் இருவர் பங்கு சேர்ந்தாலோ, பெட்டி பூட்டி வருடம் முழுவதும் வேறு வேலையும் கிடைத்தாலோ கணக்கு மாறும். உங்கள் ஊரின் விலைகளை வைத்து நீங்களே எழுதிப் பாருங்கள்.

பழைய இயந்திரம் வாங்குபவர்கள் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

நீங்கள் போகுமுன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் எழும்புவதைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கைபிடி போட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அமுக்கும் இடத்தில் கை இறுகித் தடைபட வேண்டும். இலேசாகச் சுற்றினால் ரிங் அல்லது வால்வு தேய்ந்திருக்கிறது.

சூடேறிய பிறகு வரும் புகையைப் பாருங்கள். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். கரும்புகை காற்று போதாததையோ டீசல் மிஞ்சியதையோ காட்டும். வெள்ளைப் புகை தொடர்ந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

ஒயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் எஞ்சினில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு கேள்விகளுக்கும் பதில்

அந்தக் குடும்பம் என்ன முடிவு செய்தது? வரும் மாரிக்குக் கூலி மெசினால் உழுவது. விளைச்சலைப் பார்த்த பிறகு, அயலில் காணி திரும்பக் கிடைத்த இரண்டு குடும்பங்களோடு சேர்ந்து ஒரு பழைய இயந்திரத்தைப் பார்ப்பது. மகளின் நகை வீட்டிலேயே இருக்கிறது. இதுதான் எல்லோருக்கும் சரியான முடிவு என்று நாம் சொல்லவில்லை. வருடம் முழுவதும் ஓட வேலையுள்ளவருக்கு இயந்திரம் நல்ல துணை.

மகனுக்கும் நாம் பதில் சொன்னோம். ஐந்து சிலிண்டரை வீட்டில் செய்யலாம். ஆனால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பாடசாலை விடுமுறையில் அருகிலுள்ள ஒரு பட்டறையில் கை உழவு எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டும் இடத்தில் அவனை நிற்கவிட வாப்பா சம்மதித்தார். மேலே படிக்க விரும்பினால் அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் இருக்கிறது. குடும்பங்கள் சேர்ந்து இயந்திரம் வாங்கும் நாள் வந்தால், அதன் புகையின் நிறத்தைப் பார்த்து நோய் சொல்ல வீட்டிலேயே ஓர் ஆள் இருப்பான்.

நாம் மறுமுறை போனபோது கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். ஐந்து சிலிண்டர் படம் அப்படியே இருந்தது. அதன் கீழே, அளவுகளோடு, ஒரு பிஸ்டனை வரைந்திருந்தான். பட்டறையில் தேய்ந்து கழற்றிய பழைய பிஸ்டனை அடிமட்டத்தால் அளந்து வரைந்த படம். “அளக்க நல்ல சாமான் ஒண்டு வேணும் சேர்” என்றான். இந்தமுறை வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.